படமும் படிக்கல்லும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் இலக்கியம் பேசியவர்கள் உண்டு. இசையின் நுட்பம் பேசியவர்கள் உண்டு. குறளுக்கு விளக்கம் கூறியவர்கள் உண்டு. மலர்க் குழுவினராகிய எங்களுக்கு அத்தகைய தகுதி எதுவும் இல்லை. எங்களுள் இருவர் கூட்ஸ் ஷெட்டில் எழுத்தர்கள். ஒருவர் பண்டகசாலையில் கணக்கு எழுதுபவர். பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டியவர் எவரும் இல்லை. எனினும், சென்ற ஆண்டு மலரில் எங்கள் கையால் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. அதனை மறைக்காமல் சபை நடுவே ஒப்புக்கொண்டு, அது நேர்ந்த காரணத்தையும், திருத்திய வகையையும், இனி நேராதிருக்கும் வழியையும் எடுத்துரைப்பது எங்கள் கடமை என்று கருதுகிறோம். பொருள் நிழற்படத்தைப் பற்றியது. பல படங்களைக் கணிப்பொறி தானாகவே திருத்தி ஒரு சீராக ஆக்கும் முறை இன்று எங்கும் பரவியிருக்கிறது. அந்த முறையில் உள்ள நன்மையையும் ஏமாற்றத்தையும் பட்டறிந்தவாறே கூறுகிறோம்.

சென்ற ஆண்டு, சங்கத்தின் குடும்பங்கள் அனைத்தையும் மலரில் படமாக வெளியிடுவது என்று செயற்குழு முடிவு செய்தது. அதன்படி, பூஜை விடுமுறைக்கு முந்திய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், இதே மன்றத்தின் வடக்குச் சுவருக்கு முன்னால் ஒரு பெஞ்சைப் போட்டு, 62 குடும்பங்களைப் படம் எடுத்தோம். காமிரா ஓர் உறுப்பினருடைய மகனுக்கு உரியது. அதனைத் தானியங்கும் நிலையில் வைத்து, அவரவர் வந்த வரிசையில் எடுத்து முடித்தோம். பிறகு கணிப்பொறியில் இட்டுப் பார்த்தால், சில படங்கள் இருண்டும் சில வெளுத்தும் காணப்பட்டன. அச்சுக்கு அனுப்ப மூன்று நாள்களே எஞ்சியிருந்தன. மென்பொருளில் தானாகத் திருத்துவதற்கு ஒரு பொத்தான் இருந்தது. 62 படங்களையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து அந்தப் பொத்தானை அழுத்தினோம். ஒரு குவளைத் தேநீர் அருந்தி முடிப்பதற்குள் எல்லாம் திருந்திவிட்டன. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. மகிழ்ச்சியோடு அச்சுக்கு அனுப்பினோம்.

மலர் வெளிவந்து பத்து நாள் சென்றபின், ஓர் அம்மையார் சங்க அறைக்கு வந்தார். அவருடைய கணவர் ஓய்வுபெற்ற கேங்மேன். படம் எடுத்த இரண்டாம் மாதம் காலமானவர். அவர் கடைசியாக எடுத்துக்கொண்ட படம் மலரில் வந்ததே. அதனைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டித் தர வேண்டும் என்று கேட்கத்தான் அம்மையார் வந்தார். ஆனால் பக்கத்தை விரித்து வைத்தவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “தம்பி, முகம் அவர் முகந்தான். ஆனா நிறம் அவர் நிறம் இல்லையே. முப்பது வருஷத்துக்கு மேல வெயில்ல தண்டவாளத்தோட நடந்தவரு. சாம்பல் பூசினாப்பல இருக்காரே” என்றார்.

எங்களிடம் விடை இல்லை. அந்தப் பக்கத்தையும் அடுத்த பக்கங்களையும் விளக்கின் கீழ் வைத்து உற்று நோக்கினோம். முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்த வரையில் பிழை பிடிபடவில்லை. தற்செயலாகச் சுவரைப் பார்த்தோம், பிடிபட்டது. படம் எடுத்தது ஒரே சுவருக்கு முன்னால். அந்தச் சுவருக்கு வெளிர்மஞ்சள் டிஸ்டெம்பர் அடித்திருக்கிறது. இப்போதும் நீங்கள் திரும்பிப் பார்க்கலாம். ஆனால் மலரிலோ, கருநீலச் சட்டை அணிந்திருந்த கேங்மேனின் பின்னால் அது வெண்சுண்ணச் சுவராகத் தெரிந்தது. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்த பெரியவர்களின் பின்னால் அழுக்கேறிய பழுப்புச் சுவராகத் தெரிந்தது. சிவப்புப் பட்டு உடுத்திய சகோதரியர் மூவர் நின்ற படத்தில் பச்சை ஓடிய சுவராகத் தெரிந்தது. ஒரே சுவருக்கு இத்தனை நிறம் இருக்க இயலாது. சுவர் பொய் சொல்லவில்லை. ஆகவே திருத்தந்தான் பொய் சொல்லியிருக்கிறது.

திருத்தம் ஏன் இவ்வாறு பிறழ்ந்தது என்பதை நூல்களிலும் விவரம் அறிந்தவர்களிடத்தும் கேட்டு அறிந்தோம். இயந்திரத்துக்கு உங்களைத் தெரியாது. என்னென்ன பொருள் எதிரே இருக்கிறது என்பதும் தெரியாது. தன்மேல் வந்து விழும் ஒளி எவ்வளவு என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஆதலின் அது ஓர் ஊகத்தை வைத்துக்கொள்கிறது. உலகில் கரியதும் வெளியதும் கலந்தே இருக்கும். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்த்தால் நடுத்தரச் சாம்பல் நிறமே வரும் என்பது அந்த ஊகம். நடுத்தரச் சாம்பல் என்பது, தன்மேல் படும் ஒளியில் நூற்றில் ஏறக்குறைய 18 பங்கைத் திருப்பி அனுப்பும் நிறம். மனிதர் கண்ணுக்குக் கருமைக்கும் வெண்மைக்கும் இடையே பாதி வழியில் இருப்பதாகத் தோன்றுவது அதுவே. ஆகவே, இருண்ட பொருள் மிகுந்த படத்தை இயந்திரம் வெளுப்பாக்கும். வெண்மை மிகுந்த படத்தை இருட்டாக்கும். சிவப்பு மிகுந்த படத்தில் சிவப்பைக் குறைக்கும். கரும்பலகையையும் வெள்ளைத் தாளையும் தனித்தனியே படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் சாம்பலாகவே வரும். கரிய நிறமும் கருநீலச் சட்டையும் கொண்ட நம் கேங்மேன் ஐயாவை அது சாம்பல் பூசிக் காட்டியது இந்தக் கணக்கினால்தான்.

இக்கணக்கு கணிப்பொறியோடு பிறந்தது அன்று. முன்பெல்லாம் இருட்டறையில் அமர்ந்தவர் ஒவ்வொரு படச்சுருளையும் ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இதற்கு இவ்வளவு நேரம் ஒளி காட்ட வேண்டும் என்று கண்ணால் முடிவு செய்தார். வண்ணப் படம் பெருகி, நாள்தோறும் ஆயிரக்கணக்கில் அச்சிட வேண்டியிருந்தபோது, கண்ணுக்குப் பதிலாக ஒரு கணக்கு தேவைப்பட்டது. படத்தின் நிறங்களை எல்லாம் கூட்டினால் சாம்பலாக வரும்படி அச்சிடலாம் என்னும் வழிக்கு, அமெரிக்காவில் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த ரால்ஃப் எவன்ஸ் என்பவர் 1951-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பெரும்பாலான படங்களுக்கு அவ்வழி நன்றாகவே பொருந்தியது. பொருந்தாத படங்களும் இருந்தன. பச்சைப் புல்வெளியில் நிற்கும் குழந்தையின் முகம் ஊதாச் சாயல் கொண்டது. செங்கல் சுவருக்கு முன் நிற்பவர் முகம் நீலம் பாய்ந்தது. இத்தகைய பிழைக்குப் படத்தொழிலார் ஒரு பெயர் இட்டனர். தமிழில் சொன்னால், ‘படப்பொருளின் தவறு’ என்று ஆகும். தவறியது இயந்திரத்தின் கணக்கு. பழி விழுந்ததோ எதிரே நின்ற பொருளின் மேல். இந்தப் பெயரைக் கேட்டபோது, சாம்பல் பூசிய அந்த முகத்தை நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

இதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. வண்ணப் படங்களை அச்சிடும் இயந்திரங்களைச் சரிபார்க்கக் கோடக் நிறுவனம் ஒரு மாதிரிப் படத்தை அச்சகங்களுக்கு அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் வெள்ளைநிறப் பெண்மணி. முதலில் படத்தில் நின்றவர் பெயரை ஒட்டி, அந்த அட்டைக்கு ‘ஷர்லி அட்டை’ என்றே பெயர் வழங்கிற்று. அந்தப் பெண்மணியின் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்பது முடிவு. மற்ற நிறத்தவர் முகம் எவ்வாறு வருகிறது என்பதைப் பார்க்க மாதிரி எதுவும் இல்லை. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் என்னும் அம்மையார் இதனை ஆராய்ந்து 2009-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கரிய நிறங்களில் உள்ள நுட்பமான வேறுபாடுகளைப் படச்சுருள் காட்டவில்லை என்று மரச்சாமான் விற்போரும் சாக்லேட் செய்வோரும் முறையிட்ட பிறகே அந்தக் குறையைத் திருத்தும் முயற்சி வலுப்பெற்றது என்று அவர் எழுதுகிறார். மரத்தின் ரேகை தெரியவில்லை என்றபோது கேட்ட காது, மனிதரின் முகம் தெரியவில்லை என்றபோது கேட்கவில்லை. பல நிறத்தவரும் சேர்ந்து நிற்கும் மாதிரி அட்டை 1990-களிலேதான் வந்தது.

நன்மையும் நடந்திருக்கிறது, அதனையும் சொல்லுதல் முறை. 1976-ஆம் ஆண்டில் 24 நிறச் சதுரங்கள் கொண்ட ஓர் அட்டை வெளிவந்தது. நிறத்தைச் சரிபார்ப்பவர்கள் இன்றும் அதனைப் பயன்படுத்துகின்றனர். அதன் முதற் சதுரம் கரிய மேனியின் நிறம். இரண்டாம் சதுரம் வெளிர்மேனியின் நிறம். 2021-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் தன் கைப்பேசிக் காமிராவைக் கருநிற மேனிகளுக்கும் பொருந்துமாறு சீர்செய்து வெளியிட்டது. அடுத்த ஆண்டு, எல்லிஸ் மங்க் என்னும் சமூகவியல் பேராசிரியர் வகுத்த 10 படிகள் கொண்ட மேனிநிற அளவுகோலையும் அந்நிறுவனம் ஏற்றுக்கொண்டது. முகத்தைக் கண்டறிந்து அதற்கேற்ப ஒளியை அளக்கும் காமிராக்களும் பல வந்துள்ளன. எனினும், முகத்தைக் கண்டறிந்தால் மட்டும் போதாது. அந்த முகம் எவ்வளவு கருமை, எவ்வளவு வெண்மை என்பதைப் பொது அளவு ஒன்றோடு ஒப்பிடாமல் எந்த இயந்திரமும் உள்ளபடி சொல்ல இயலாது.

இனி, நாங்கள் செய்த பரிகாரத்தைக் கூறுவோம். நல்லூழாக, மூலப்படங்களை அந்தப் பிள்ளை அழிக்காமல் வைத்திருந்தான். திருத்திய படத்தை மூலத்தின் மேலேயே எழுதியிருந்தால் எல்லாம் போயிருக்கும். காமிரா தானியங்கும் நிலையில் இருந்தமையால், மூலப்படங்களிலும் சுவர் ஏறியும் இறங்கியுமே இருந்தது. ஆனால் சுவர் ஒன்றுதான் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே சுவரையே அளவுகோலாகக் கொண்டோம்.

கணிப்பொறிப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு; ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை செல்லும். படந்தோறும் சுவரின் எண்களைக் குறித்துக்கொண்டோம். முதல் ஞாயிற்றுக்கிழமை வானம் மூடியிருந்தது. இரண்டாம் ஞாயிறு நல்ல வெயில். எனவே படங்களை இரண்டு தொகுதிகளாகப் பிரித்தோம். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு படத்தைத் தேர்ந்து அச்சிட்டு, பகலில் இந்தச் சுவருக்கே கொண்டுவந்து பக்கத்தில் பிடித்துப் பார்த்து, சுவரும் படமும் ஒத்துவரும் வரையில் சரிசெய்தோம். பிறகு மற்றப் படங்களில் சுவர் அதே எண்ணுக்கு வருமாறு கணிப்பொறியைக் கொண்டு ஒளியையும் நிறத்தையும் ஏற்றி இறக்கினோம். பெரிய குடும்பங்கள் நின்று சுவரை மறைத்த இடத்தில் பெஞ்சின் மரத்தை அளவாகக் கொண்டோம். முகத்தை நாங்கள் தொடவே இல்லை. சுவரைச் சரிசெய்தோம், முகங்கள் தாமே சரியாயின.

எல்லாம் சரியாயின என்று சொல்லமாட்டோம். வெள்ளை வேட்டி ஒளியில் வெந்து, எண் 255-இல் முட்டி நின்ற படங்கள் இரண்டு. முட்டி நின்ற இடத்தில் மடிப்பும் இல்லை, நெசவும் இல்லை. இல்லாததை எந்தக் கணக்கும் மீட்டுத் தராது. அவ்விரு குடும்பத்தாரையும் மறுபடி அழைத்து எடுத்தோம். ஒரு படத்தில் சன்னல் ஓரம் நின்றவர் முகத்தில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. அங்கே சுவரை நம்பியிருந்தால் முகம் கெட்டிருக்கும். அதனைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தினோம். ஆகவே கணக்கு முதலில் செய்யட்டும்; கண் பின்னால் நின்று சரிபார்க்கட்டும் என்பது எங்கள் முடிவு.

இதனை எங்கள் தொழில் உவமையால் சொன்னால் எளிதில் விளங்கும். எடைமேடையில் வாகன்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. ஒன்றில் நிலக்கரி, ஒன்றில் பஞ்சு, ஒன்று வெறும் வாகன். வாகனின் வெற்று எடை அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கும். மொத்த எடையில் அதனைக் கழித்துச் சரக்கின் எடையைச் சீட்டில் எழுதுகிறோம். எல்லா வாகனும் சராசரி எடைதான் இருக்க வேண்டும் என்று எண்ணி, பஞ்சுக்குக் கூட்டியும் நிலக்கரிக்குக் குறைத்தும் சீட்டு எழுதுகிற எழுத்தனை எந்த அலுவலகமும் ஒரு நாள்கூட வைத்திராது. சீட்டுகள் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஒன்றேனும் உண்மையாக இராது. எடைமேடையின் நேர்மை எல்லாவற்றுக்கும் ஒரே எடை போடுவதில் இல்லை. எல்லாவற்றையும் ஒரே படிக்கல்லால் நிறுப்பதில் இருக்கிறது. படங்களை ஒரு சீராக்குவதும் அவ்வாறே. நாங்கள் அழுத்திய பொத்தான் விளைவைச் சமமாக்கியது. நாங்கள் சமமாக்க வேண்டியிருந்தது அளவை.

இன்னொன்றையும் இங்கே மனந்திறந்து பேச வேண்டியிருக்கிறது. படங்களை மறுபடி திருத்துகிறோம் என்று கேள்வியுற்ற சில இல்லங்களிலிருந்து, “பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், படத்தில் கொஞ்சம் வெளுப்பாக்கித் தாருங்கள்” என்றும் கேட்டனர். சொந்த ஊரை விட்டு இத்தனை தொலைவில் இருந்துகொண்டு, கடிதத்திலும் கைப்பேசியிலும் வரன் தேடுகிற பெற்றோரின் கவலையை நாங்கள் அறியாதவர்கள் அல்லோம். அதனை எள்ளவும் மாட்டோம். ஆனால் இணங்கவில்லை. பெண் பார்க்க வருகிற நாளில் கூடத்துக்கு வருவது பெண்ணே அன்றிப் படம் அன்று. அதுவும் அன்றி, ஒருத்தியை வெளுப்பாக்கினால், அதே பெஞ்சில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அவள் தங்கை அந்தப் பக்கத்தைப் பார்ப்பாள். தன் நிறம் திருத்தப்பட வேண்டிய ஒரு பிழை என்று சங்கத்தின் மலரிலேயே அவள் படிப்பாள். இங்கே பள்ளியில் நம் பிள்ளைகளை நிறத்தைச் சொல்லிக் கேலி செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. வெளியில் கேட்கும் அந்தச் சொல்லை வீட்டுக்குள்ளும் மலருக்குள்ளும் நாமே கொண்டுவந்து வைக்கலாமா என்பதைத் தாய்மார்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வாண்டுப் படங்களுக்கு நாங்கள் ஐந்து முறைகளை வகுத்திருக்கிறோம். முதலாவது, காமிராவைத் தானியங்கும் நிலையில் வைக்காமல், ஒளிபுகும் நேரம், துளையின் அளவு, உணர்திறன், வெண்மைச் சமநிலை ஆகிய நான்கையும் ஒருமுறை அமைத்து, அன்றைய படங்கள் முடியும் வரை மாற்றாதிருப்பது. இரண்டாவது, முதலில் வரும் குடும்பத்தார் கையில் 18 பங்குச் சாம்பல் அட்டையைக் கொடுத்து ஒரு படம் எடுப்பது. மேகம் வந்தாலும் வெயில் மாறினாலும் மீண்டும் எடுப்பது. மூன்றாவது, அந்த அட்டையைக் கொண்டு கண்ட திருத்தத்தை அத்தொகுதி முழுவதற்கும் ஒருசேர இடுவது. காமிராவைத் தானியங்கும் நிலையில் வைத்துவிட்டவர்களுக்கும் வழி உண்டு. ஒவ்வொரு படத்தோடும் அதன் ஒளி அளவுகள் பதிவாகியிருப்பதால், அவற்றைக் கொண்டு படங்களைச் சமப்படுத்தும் கட்டளை லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் இருக்கிறது. நான்காவது, அச்சுக்கு அனுப்புமுன் எல்லாப் படங்களையும் அருகருகே பரப்பி, முகத்தைப் பார்க்குமுன் சுவரைப் பார்ப்பது. ஐந்தாவது, மூலப்படங்களை இரண்டு இடங்களில் காத்து வைப்பது. கடைசியாகச் சொன்னதை உங்கள் வீட்டுப் படங்களுக்கும் கைக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். எந்தப் படம் யாருடைய கடைசிப் படமாக அமையும் என்பது எடுக்கும்போது தெரிவதில்லை.

கேங்மேன் ஐயாவின் படத்தைத் திருத்தி, பெரிதாக அச்சிட்டுச் சட்டமிட்டு, அம்மையாரின் குவார்ட்டர்ஸுக்கு நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அதனை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுசென்று நெடுநேரம் பார்த்தார். நெற்றியில் இருந்த பழைய தழும்பு, சாம்பல் படத்தில் தெரியாதது, இதில் தெரிந்தது. “ஆமாம் தம்பி, இவர்தான்” என்றார். பிறகு எங்களை உட்காரச் சொல்லிக் காப்பி போட உள்ளே சென்றார்.

இவ்வாண்டுப் படம் எடுக்கும் நாள்களை அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறோம். அனைவரும் குடும்பத்தோடு வர வேண்டும்; உங்களுக்கு விருப்பமான உடையில், உங்கள் நிறத்தோடு வர வேண்டும். அட்டையும் அளவும் எங்கள் பொறுப்பு.